பர்தி ஃபோல்டர் சுற்றிச் சுற்றி வந்த நாள்

புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

நம் இணையதள யூனிட்டின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில், “ரிட்டயர் ஆன அங்கிள் ஏதாவது எழுதட்டுமே” என்று உங்களில் யாரோ போட்டிருந்தீர்கள். அதற்குக் கட்டைவிரல்களும் விழுந்திருந்தன. என் வீட்டில் யாரும் என் சர்வர் கதைகளைக் கேட்பதில்லை. “ஒரு நாள் என்ன ஆச்சுன்னா” என்று நான் ஆரம்பித்தாலே, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று மனைவி எழுந்து போய்விடுகிறாள். ஆகவே நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உங்களில் பாதிப் பேர் டெல்லியிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவீர்கள்; வாசிக்கச் சொன்னால் “அங்கிள், வாய்ஸ் நோட் போடுங்க” என்பீர்கள். போட மாட்டேன். வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும், கேண்டீனில் உட்கார்ந்துகொண்டு.

சர்வரில் எந்த விதியை எந்த வரியில் எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது இப்போது உங்கள் போனைக் கேட்டாலே சொல்லும். நாலு பக்கமும் ஆட்கள் நின்று “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்கும்போது எதைத் தொடக் கூடாது என்பதைப் போன் சொல்லாது. அதற்காகத்தான் இந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

முதலில் நம் துறையின் இணையதளத்தைப் பற்றி. நீங்கள் பார்ப்பது குளிப்பாட்டிப் பொட்டு வைத்த சைட். நான் பார்த்தது வேறு. நம் அலுவலகத்தில் ஒன்றைப் புதிதாக உண்டாக்க யாரிடமும் கேட்க வேண்டாம். இருப்பதை அழிக்க வேண்டுமென்றால் ஃபைல் போட்டு, அது மேலே போய், “எதற்காக அழிக்க வேண்டும், விளக்கவும்” என்ற குறிப்போடு கீழே வரும். அதனால் எங்கள் சர்வரில் யாரும் எதையும் அழித்ததில்லை. ‘நியூ’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘நியூ டூ’, பக்கத்தில் ‘லேட்டஸ்ட்’, அதற்குள் ‘லேட்டஸ்ட் ஃபைனல்’. இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருந்த உண்மையான சைட் ‘டிரயல்’ என்ற ஃபோல்டரில் இருந்தது. பெயரை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

இந்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விதிக் கோப்பு இருக்கும். இங்கே வருகிறவரை உள்ளே விடு, அங்கே அனுப்பு, இல்லாததைக் கேட்டால் இப்படிச் சொல் என்று அதில் எழுதியிருக்கும். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதற்கு மேல் ஒரு புது விதியை எழுதுவோமே தவிர பழையதை எடுக்க மாட்டோம். எடுக்கத்தான் ஃபைல் வேண்டுமே.

இனி கோமதி. அவள் எங்கள் யூனிட்டில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கரோல் பாக்கில் வாடகைக்கு இருந்துகொண்டு, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவர். டெல்லியில் பிறந்து வளர்ந்தும் கோமதியின் தமிழில் தாமிரபரணி ஓடும். கோபம் வந்தால் மட்டும் அதில் கொஞ்சம் யமுனை கலக்கும். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். புதுப்பித்த தாள் கைக்கு வரும் வரை அவளுக்கு நிம்மதி இருக்காது, எங்களுக்கும்தான். அந்தக் குப்பை ஃபோல்டர்களுக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்து போய்த் திரும்பி வரக்கூடியவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் போனால் மற்றவர் தொலைந்தார்.

அந்த வருடம் எங்கள் துறையே நிரந்தர இடங்களுக்கு விளம்பரம் செய்தது. விண்ணப்பம் முழுக்க இணையத்தில். அதற்கான பக்கம் எங்கள் சைட்டுக்குள் ‘பர்தி’ என்ற ஃபோல்டரில் இருந்தது. பர்தி என்றால் ஹிந்தியில் ஆள் எடுப்பு. கோமதிக்கு வயது வரம்பு முடியும் தறுவாய். இந்த விளம்பரத்தை விட்டால் அவளுக்கு அரசாங்க நிரந்தர வேலை என்பது இனிமேல் கிடையாது.

எங்கள் டெக்னிகல் டைரக்டர் அல்மோராப் பக்கத்து மலைக்காரப் பெண்மணி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் வந்த அன்றே அவர் கோமதியைக் கூப்பிட்டு, “இன்று முதல் பர்தி ஃபோல்டர் பக்கம் நீ போகக் கூடாது. நாளைக்கு நீ ஜெயித்தால், உள்ளே இருந்து ஏதோ செய்தாள் என்று ஒருவன் சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டார். ஃபோல்டர் என் தலையில் விழுந்தது.

கோமதி கடைசி நாள் வரை விண்ணப்பிக்காமல் இருந்ததற்கு அவளுடைய சோம்பல் காரணமல்ல. அனுபவச் சான்றிதழில் எங்கள் ஆபீஸ் தலைவரான பெரிய சாகிப் கையெழுத்துப் போட வேண்டும். சாகிப் டூரில் இருந்தார். திரும்பி வந்து முந்தின நாள் சாயந்திரம்தான் போட்டார். அந்தத் தாளை அவள் துப்பட்டாவுக்குள் வைத்துக் கொண்டுபோன விதத்தைப் பார்த்து, மெட்ரோவில் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் கடைசி நாள். ஜனவரிப் பனி. ஆர்.கே.புரத்திலிருந்து குரங்குக் குல்லாயோடு பஸ்ஸில் ஊர்ந்து, லோதி ரோடு ஆபீசுக்குள் நுழையும்போதே ஹெல்ப்லைன் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாரும் ஒரே புகார். பர்தி பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, ‘இந்தப் பக்கம் உங்களைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது’ என்று கையை விரிக்கிறது. என் கணினியில் திறந்து பார்த்தேன். அதே. கோமதியும் தன் லேப்டாப்பில் பார்த்தாள். அதே. அவள் நாற்காலியை சர்வரைத் தொடும் என் கன்சோல் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். விரல்கள் ஏற்கெனவே நீண்டுவிட்டன.

“கோமதி,” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. நாற்காலி தானாகப் பின்னால் போனது.

அப்போது பெரிய சாகிப் வந்தார். அவருக்கு அன்று வேறு தலைவலி. ஆபீசில் ஹிந்தி எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்று பார்க்க ஆய்வுக் குழு ஒன்று மாநாட்டு அறையில் முந்திரியும் டீயுமாக உட்கார்ந்திருந்தது. சாகிப் தன் போனில் முகப்புப் பக்கத்தைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். “சைட் தோ குல் ரஹீ ஹை பாயி. திறக்கத்தானே செய்கிறது, அதுவும் ஹிந்தியிலேயே. என்ன அழகாக இருக்கிறது பாருங்கள்” என்றார்.

பெரிய வாசல் திறந்திருந்தால் உள்ளறைக் கதவும் திறந்திருக்கும் என்று நம்புவது பெரிய அதிகாரிகளின் வழக்கம். அது நம் வழக்கமாகிவிடக் கூடாது. முகப்பு திறக்கிறது என்று யாராவது சொன்னால், “சரி ஸார், எந்த உள் ஃபோல்டர் திறக்கவில்லை?” என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும்.

உள்ளறையைத் திறந்து காட்டினோம். சாகிபின் முகம் சுருங்கியது. சர்வரைப் பராமரிக்கும் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தோம். அவர் உற்சாகமாக, “நேற்றைய பேக்கப்பைப் போட்டுவிடலாம் ஸார், டக்கென்று முடிந்துவிடும்” என்றார்.

“அதிகாலையில் விண்ணப்பம் போட்டவர்களின் போட்டோவும் சான்றிதழும் எங்கே போகும்?” என்று கேட்டார் மேடம்.

கம்பெனிக்காரரின் உற்சாகம் இறங்கியது. “அச்சா... அது போய்விடும்.”

பேக்கப் யோசனை அங்கேயே செத்தது. டக்கென்று முடியும் என்று சொல்லப்படும் எதையும் செய்வதற்கு முன், அது முடிந்த பிறகு என்ன இருக்காது என்று ஒரு தடவை கேளுங்கள்.

சாகிப் கையை உயர்த்தினார். “இவ்வளவு டென்ஷன் எதற்கு? ஏக் ஹஃப்தா படா தோ. கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளி வை, நோட்டீஸ் போடு, முடிந்தது.”

அறையில் எல்லோருக்கும் உயிர் வந்தது. நானும் தலையை ஆட்டினேன். தலை பாதி ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் கோமதியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சாகிப் வெளியே போனதும் அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள். “கடைசித் தேதிய வச்சுத்தான சார் வயசு கணக்குப் பாப்பாங்க. எனக்கு இந்த வாரம் பொறந்தநாளு. எல்லாருக்கும் ஒரு வாரம் கூடுது. எனக்கு மட்டும் வயசு கூடுது.”

எனக்கு அது உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளம்பரத்தில் தெளிவாக இருந்தது: வயது, விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று உள்ளபடி. தேதி நகர்ந்தால் கணக்கும் கூடவே நகரும். நாட்டுக்கே நன்மை செய்யும் ஒரு நோட்டீஸ், அந்த அறையில் இருந்த ஒருத்தியை மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். கோமதியைப் போல இன்னும் எத்தனை பேர் எந்த ஊரில் இருந்தார்களோ.

“வயதுக்கு மட்டும் பழைய தேதியையே வைத்துக்கொள்ளலாமே மேடம்” என்றேன்.

“அது நிர்வாகப் பிரிவு சொல்ல வேண்டியது. வேறு ஃபைல், வேறு மாடி, அநேகமாக வேறு மாதம்” என்றார் அவர். பிறகு எழுந்து சாகிபிடம் போனார். கோமதியின் பெயரையே எடுக்கவில்லை. “நாலு மணி வரை எங்களுக்கு விடுங்கள். அதற்குள் நோட்டீஸை இரண்டு மொழியிலும் அழகாகத் தயார் செய்து வையுங்கள். சரியாகவில்லை என்றால் போடலாம்” என்றார். சாகிபுக்கு வரைவு எழுதுவது பிடிக்கும். சரி என்றுவிட்டார். விண்ணப்ப நேரம் ஐந்து மணிக்கு முடிகிறது.

திரும்பி வந்த மேடம் கோமதியிடம், “நீ இன்று இங்கே வேலை செய்கிறவள் இல்லை. விண்ணப்பதாரர். விண்ணப்பதாரர்களுக்கு சர்வர் அறையில் என்ன வேலை? லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வெயிலில் போய் உட்கார்” என்றார்.

கோமதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே புல்வெளி. பனி விலகி வெயில் வந்திருந்தது. வேர்க்கடலையும் ஆரஞ்சுமாகப் பாதி ஆபீஸ் அங்கேதான் இருந்தது. அதன் நடுவே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தாள். முழுக்கத் தெரிந்தவள் வெளியே இருக்க, பாதி தெரிந்தவன் உள்ளே இருந்தேன்.

பர்தி ஃபோல்டரின் விதிக் கோப்பைப் படித்தேன். குற்றமில்லை. அதற்கு மேல் ஃபோல்டர், ‘டிரயல்’. அதிலும் நேற்றுவரை இருந்ததுதான் இருந்தது. என் கை ஒரு புது விதியை எழுதத் துடித்தது. என்ன விதி என்று எனக்கே தெரியாது. ஏதாவது எழுத வேண்டும், அவ்வளவுதான். பதட்டம் அப்படித்தான் வரும். வேலை செய்கிற மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “ருக்கோ, நில்,” என்றார். “இந்த ஆபீசில் காணாமல் போன ஃபைலை எப்படித் தேடுவாய்? எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பாயா?”

“இல்லை மேடம். முதலில் எந்த மேசைக்குப் போச்சு, அங்கே யாருக்கு மார்க் பண்ணினார்கள் என்று கேட்பேன்.”

“அப்படியே கேள்.”

கேட்டேன். ஃபோல்டர்களைப் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு விண்ணப்பதாரர் கதவைத் தட்டினால் அவரை யார் எங்கே அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்தேன். பர்திக்குப் போகிறேன் என்று வந்தவரை, பர்தியின் வாசலை மிதிக்கும் முன்பே யாரோ தோளைப் பிடித்து ‘ஹிந்தி’ ஃபோல்டருக்குப் போ என்று திருப்பினார்கள். ஹிந்தி ஃபோல்டரில் பர்தி என்று எதுவும் கிடையாது. விண்ணப்பப் பக்கம் ஒன்றிலேயே இரண்டு மொழியும் இருந்ததால் யாரும் அங்கே தனியாக ஒன்று வைக்கவில்லை. ஆனால் அங்கே கோமதி முன்பு எழுதிய ஒரு நல்ல விதி இருந்தது. ஹிந்தியில் இல்லாத பக்கத்தைக் கேட்டால், பாவம், பழைய இடத்துக்கே அனுப்பிவிடு. பழைய இடத்துக்குப் போனால் தோளைப் பிடிக்கிறவர் மறுபடியும் தயார்.

நான் சிரித்துவிட்டேன். ‘இது எங்கள் பிரிவுக்கு உரியதல்ல, அந்தப் பிரிவுக்கு அனுப்பவும்’ என்று இரண்டு செக்‌ஷன்கள் ஒரே ஃபைலை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். அதையே எங்கள் சர்வர் கற்றுக்கொண்டிருந்தது, மின்னல் வேகத்தில்.

தோளைப் பிடித்தவரைக் கண்டுபிடித்தேன். எந்த ஃபோல்டரிலும் இல்லை அவர். எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே, சர்வரின் பிரதான விதிக் கோப்பான கான்ஃபிக்கில் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக் குழு வருகிறது என்று ஆபீசின் ஹிந்திப் பிரிவான ஹிந்தி செல் காலையில் கம்பெனிக்காரருக்குப் போன் செய்திருக்கிறது: எல்லாப் பக்கமும் முதலில் ஹிந்தியில் திறக்க வேண்டும். அவரும், யார் வந்தாலும் ஹிந்தி ஃபோல்டருக்குத் திருப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். ஹிந்தியில் இருக்கிற முகப்பு அழகாகத் திறந்தது. ஹிந்தி ஃபோல்டரில் இல்லாத பர்தி சுற்ற ஆரம்பித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கம்பெனிக்காரரைக் கேட்டால், “நீங்கள் பர்தியைப் பற்றித்தானே கேட்டீர்கள் ஸார், நான் பர்தியைத் தொடவே இல்லையே” என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் பொய் சொல்லவில்லை. மேலே ஒரு வரி மாற்றினால் கீழே எத்தனை அறை ஆடும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இனிமேல் யாரிடம் விசாரித்தாலும், இந்த ஃபோல்டரில் என்ன மாற்றினாய் என்று கேட்காதீர்கள். இன்று எதைத் தொட்டாய் என்று கேளுங்கள்.

அந்த வரியை எடுத்துவிடலாம் என்றால் குழு இன்னும் முந்திரியை முடிக்கவில்லை. முகப்பு ஹிந்தியிலேயே இருக்க வேண்டும் என்று சாகிபிடமிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. அதனால் வரியை விட்டுவிட்டு, பர்தி என்று வருகிறவரை மட்டும் பிடிக்காதே என்று ஒரு விலக்கு எழுதினேன். எழுதியதைச் சரிபார்த்து, சர்வரை நிறுத்தாமல் புது விதியை ஏற்க வைத்தேன். மேடம் தன் போனில் பர்தியைத் திறந்தார். திறந்தது. விண்ணப்பப் பக்கம் பளிச்சென்று நின்றது.

நான் ஜன்னலுக்கு ஓடிக் கோமதியைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அவள் லேப்டாப்பைத் தட்டினாள். நிமிர்ந்து, இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் இல்லை. ஹெல்ப்லைன் போன்களும் ஓயவில்லை. என் கணினியில் திறந்தேன். அதே பழைய சுற்று.

மேடத்தின் போனில் திறக்கிறது, எங்களுக்குத் திறக்கவில்லை. எங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். அப்போதுதான் புரிந்தது. கம்பெனிக்காரர் திருப்பி விடும் அந்த வரியை ‘நிரந்தரம்’ என்று குறித்திருந்தார். நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் பிரவுசர் அதை மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்த முறை நம்மிடம் கேட்காமலேயே நேராக ஹிந்தி ஃபோல்டருக்கு ஓடும். அங்கிருந்து கோமதியின் விதி அதைப் பர்திக்கு அனுப்பினால், மனப்பாடத்தின்படி மறுபடி ஹிந்திக்கு. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. எங்கள் ஆபீசில் ‘நிரந்தரம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் கோமதி வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். ஒரு வரிக்கு அதைக் காலை டீக்கு முன்பே வழங்கியிருந்தார்கள்.

இதற்கு மருந்து சுலபம். பிரவுசரின் ஞாபகத்தைத் துடைக்க வேண்டும். கோமதிக்கு இது தோன்றாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். சர்வரில் நான் என்ன மாற்றினேன், எது நிரந்தரம் என்று குறிக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் சரிசெய்யவில்லை என்றுதான் நினைத்திருப்பாள். நாலு எட்டில் புல்வெளி. காதில் ஒரு வார்த்தை போதும். எழுந்துவிட்டேன்.

“எங்கே?” என்றார் மேடம்.

“கோமதியிடம் ஒரு வார்த்தை.”

“அதே வார்த்தையை ஹெல்ப்லைனில் கூப்பிடுகிறவர்களிடம் சொல்வாயா?”

“தாராளமாகச் சொல்லலாம்.”

“கூப்பிடாதவர்களிடம்?”

எனக்கு மேடத்தின் மேல் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. வெளியே இருப்பவள் எங்களோடு சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொள்கிறவள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து முயன்று பார்த்துவிட்டு, நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று எந்தச் சைபர் கஃபேயிலோ உட்கார்ந்திருக்கிறவனின் பிரவுசரை யார் போய்த் துடைப்பது? உட்கார்ந்தேன்.

தைப்பூசத்துக்கு ஆர்.கே.புரம் மலைக்கோயிலில் நான் தொண்டராக நிற்பதுண்டு. பிரசாதம் கிழக்குப் பக்கம் என்று மைக்கில் எத்தனை கத்தினாலும் கூட்டம் செருப்பு விடுகிற பக்கமே போய் முட்டும். ஒரு வருடம் கத்தி ஓய்ந்துபோய், பிரசாத மேசையையே தூக்கிச் செருப்புப் பக்கம் போட்டோம். பிரச்சினை தீர்ந்தது. அது இப்போது நினைவுக்கு வந்தது.

காலையில் முயன்ற அத்தனை பேரும் ஹிந்தி ஃபோல்டரின் பர்திக்குத்தானே போய் நிற்கிறார்கள்? அங்கிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பினால்தானே சுற்று? அங்கேயே மேசையைப் போட்டுவிட்டால்? ஹிந்தி ஃபோல்டருக்குள் பர்தி என்று யார் கேட்டாலும், எங்கேயும் அனுப்பாமல் இதே விண்ணப்பப் பக்கத்தை அந்த இடத்திலேயே காட்டு என்று ஒரு வரி எழுதினேன். சரியான வழியில் வந்தவருக்கும் அதே பக்கம், தப்பான வழியில் வந்தவருக்கும் அதே பக்கம்.

“இது அழகாக இல்லை,” என்றேன் மேடத்திடம்.

“அழகு நாளைக்கு,” என்றார் அவர், கடலைத் தோலை ஊதிக்கொண்டே.

என் கணினியில் திறந்தது. ஜன்னல் பக்கம் போனேன். கோமதி லேப்டாப்பின் மேல் குனிந்திருந்தாள். கட்டைவிரலைக் காட்டினேன், கையை ஆட்டினேன், கண்ணாடியைத் தட்டினேன். அவள் நிமிரவே இல்லை. பக்கத்திலிருந்த ஒருவர் ஆரஞ்சுச் சுளையை நீட்டியதற்கும் நிமிரவில்லை. தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் ஒருவர் என்னைக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. ஹெல்ப்லைன் போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

நாலு மணிக்கு சாகிபின் ஆள் நோட்டீஸ் வரைவோடு வந்தார். தேவையில்லை என்று மேடம் சொல்லி அனுப்பினார். சாகிபுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அந்த ஹிந்தி அவருக்கு நன்றாக அமைந்திருந்ததாம்.

ஐந்து மணி தாண்டியதும் கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி வந்தாள். சால்வையில் புல்லும் கடலைத் தோலும் ஒட்டியிருந்தன. “போட்டாச்சு சார். ரசீது நம்பரும் வந்துட்டு. இனி நா கேண்டிடேட் இல்லல்லா? தள்ளுங்க, என்னத்த எழுதி வச்சிருக்கீங்கன்னு பாப்போம்” என்றாள்.

“பார்க்கலாம். தொடக் கூடாது,” என்றார் மேடம்.

கோமதி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு திரையில் குனிந்து படித்தாள். “ஐயே, இது என்ன சார் இப்பிடி எழுதிருக்கீங்க?” என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன திருத்தங்களையெல்லாம் நான் மறுநாள் செய்தேன். எல்லாமே சரியான திருத்தங்கள்தான், கோபம் வருகிற அளவுக்குச் சரி.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததில் மீதியும் இருக்கிறது.

கோடையில் எழுத்துத் தேர்வு. மழைக்காலத்தில் முடிவு வந்தது, அதே பர்தி ஃபோல்டரில். முதல் தட்டிலேயே திறந்தது. மேலும் கீழுமாகத் தேடினேன். கோமதியின் பெயர் இல்லை. அன்று செய்ததெல்லாம் எதற்கு, யாருக்கு என்று தோன்றியது. சொந்தப் பெண் தோற்றிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுநாள் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. “இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆயிடுச்சேம்மா” என்றேன்.

“பரீட்சையில தோத்துட்டேன் சார்,” என்றாள் அவள், பையை மேசையில் வைத்துக்கொண்டே. “அது எனக்கும் கேள்வித்தாளுக்கும் உள்ள சண்ட. நல்லாத்தான் சண்ட போட்டேன், அது ஜெயிச்சிட்டு. பரவால்ல. அன்னைக்குத் தேதி மாறி அதுல தோத்திருந்தா, யாரப் போயி நா திட்டுவேன்? உங்களத்தான் திட்டிருப்பேன். டெய்லி உங்க மூஞ்சிலதான முழிக்கணும்.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்கு ஒரு டீ வாங்கி வரப் போனேன்.